கடை பக்கத்தில்தான், நடந்து போகத்தான் வழியில்லை: உங்கள் தெருவை அளந்து, மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு உண்டு. 1990-களின் நடுவில் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வுக் குழு அங்கே போய் மக்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பரிசோதித்தது. முடிவுகளைக் காலனிக்காரர்களிடமே எடுத்துச் சொல்லி, நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றது. நடப்பதற்கு இடம் வேண்டுமே? காலனிக்காரர்கள் கைக்காசைப் போட்டுப் பூங்கா ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். ஏழெட்டு வருடம் கழித்துக் குழு மறுபடி வந்து கேட்டபோது, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக ஏறியிருந்தார்கள்.

"நடங்க சார், நடங்க" என்று எல்லா டாக்டரும்தான் சொல்கிறார்கள். ஆனாலும் 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். 2000-ம் ஆண்டில் மொத்தமாக 22 சதவீதம்தான் அப்படி இருந்தார்கள். இருபது வருடத்தில் இத்தனை கோடிப் பேர் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. கால் அதே கால்தான். அது நடக்க வேண்டிய தெரு மாறிவிட்டது.

நீங்கள் குடியிருக்கும் இடம் உங்களை நடக்க விடுகிறதா, உட்கார வைக்கிறதா என்று கண்டுபிடித்து, முடிந்ததை மாற்றுவதற்கான வழிதான் கீழே இருப்பது. உதாரணங்களைச் சென்னையிலிருந்தே எடுத்திருக்கிறேன், அந்த ஊரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் அலுவலகப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: ஆய்வுகள் சொல்வதில் நமக்கு எது பொருந்தும்?

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தேவையில்லாத விஷயத்துக்கு மனு எழுதிக்கொண்டிருப்போம்.

ஜேம்ஸ் சாலிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில் 10 நாடுகளில், 14 நகரங்களில், 6,822 பெரியவர்களின் இடுப்பில் அசைவை அளக்கும் சிறு கருவியைக் கட்டிவிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் லான்செட் இதழில் வெளியானது. வீடுகளின் நெருக்கம், தெருச் சந்திப்புகள், பஸ் வசதி, பக்கத்தில் பூங்காக்கள் ஆகிய நான்கும் நடமாட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கின. மிகச் சாதகமான இடத்தில் குடியிருப்பவருக்கும் மிகப் பாதகமான இடத்தில் குடியிருப்பவருக்கும் இடையே வாரத்துக்கு 68 முதல் 89 நிமிடம் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் கேட்பதே குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அதில் ஏறத்தாழ பாதி, வீடு எங்கே இருக்கிறது என்பதோடு கட்டுண்டு கிடக்கிறது.

நடக்கப் பிடித்தவர்கள் நடக்க வசதியான இடமாகப் பார்த்துக் குடிபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ஒரு பதில் கிடைத்தது. புதிய புறநகர்களுக்கு வீடு மாறிப் போனவர்களை அங்கே வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கடை, தபால் நிலையம், பஸ் நிறுத்தம் போல நடந்து போகக்கூடிய இடங்களில் ஒரு வகை கூடினால், வேலையாக நடக்கும் நேரம் வாரத்துக்கு 5.8 நிமிடம் கூடியது. பூங்கா, கடற்கரை போன்றவற்றில் ஒரு வகை கூடினால், பொழுதுபோக்காக நடக்கும் நேரம் 17.6 நிமிடம் கூடியது. அதே ஆள்தான், இடம் மாறியதும் நடையும் மாறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். மேல்நாட்டுப் புறநகர்களின் பெரிய குறையே வீடும் கடையும் தூரம் தூரமாகக் கிடப்பது. பல நாட்டுத் தரவுகளை வைத்து 2022-ல் வந்த ஒரு கணக்கு, மக்கள் நடந்து போவதை வழக்கமாக்கிக்கொள்ளச் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5,700 பேரும், சுமார் 100 தெருச் சந்திப்புகளும் தேவை என்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கு மேல். ஆக, நெரிசலில் நாம் எப்போதோ பாஸ். மளிகைக் கடை, மருந்துக் கடை, இஸ்திரி வண்டி, கோவில், டீக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். அப்படியும் அரை லிட்டர் பாலுக்கு வண்டியை எடுக்கிறோம் என்றால், கோளாறு தூரத்தில் இல்லை, இடைப்பட்ட வழியில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வழியைப் பற்றித்தான்.

(பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய அடுக்குமாடி வளாகங்கள் இதற்கு விலக்கு. அங்கே மேல்நாட்டு நோயும் உண்டு, நம்மூர் நோயும் உண்டு. எதிர்ச்சாரியில் கண்ணுக்குத் தெரியும் கடைக்குப் போக, சாலையைக் கடக்க இடம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கும்.)

படி 2: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

செல்போனில் காலடிக் கணக்கு வருமே, அது போதாதா? போதாது. எத்தனை அடி என்று அது சொல்லும், எங்கே போக, ஏன் என்று சொல்லாது.

வீட்டை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயத்தைக் குறியுங்கள்: எங்கே, எப்படி, ஏன் அப்படி. மூன்றாவதுதான் முக்கியம். "மருந்துக் கடை, ஸ்கூட்டர், முனையில் நாய்." "அம்மா வீடு, ஆட்டோ, வழியில் இருட்டு." "காய்கறி, ஆப்பில் வரவழைத்தது, வெயில்." வாரக் கடைசியில் படித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். உங்கள் தெருவின் முதல் வியாதி அதுதான்.

உட்கார்ந்திருந்த நேரத்தையும் தோராயமாக எழுதுங்கள். அலுவலக நாற்காலி, டிவி, வண்டி ஓட்டும் நேரம், மூன்றும் சேர்த்து. ஸ்கூட்டரில் போவதும் உட்கார்ந்திருப்பதுதான், நிறையப் பேர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 3: வீட்டைச் சுற்றி இரண்டு வட்டம்

சாதாரணமாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர், பத்து நிமிடத்தில் 800 மீட்டர் போகலாம். செல்போன் வரைபடத்தில் உங்கள் வீட்டை நடுவில் வைத்து இந்த இரண்டு தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். மளிகை, காய்கறி, மருந்து, பஸ் நிறுத்தம், பூங்கா, வழிபாட்டுத் தலம், ரேஷன் கடை, ஏடிஎம், பள்ளிக்கூடம்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேர்க்கோட்டுத் தூரத்தையும் நடந்து போகும் தூரத்தையும் எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 1.3, 1.4 என்று வந்தால் நல்ல தெரு அமைப்பு. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். குறுக்குச் சந்துகள் அவ்வளவு உண்டு. 2-ஐத் தாண்டினால் நடுவில் ஏதோ மறிக்கிறது என்று பொருள். மதில் சுவர், ரயில் பாதை, கால்வாய், நடுவே தடுப்பு போட்ட சாலை, பூட்டிய பின்கேட், இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இந்தப் பின்கேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல அடுக்குமாடிகளில் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரே வாசலைத் திறந்து வைக்கிறார்கள். பின்பக்கத் தெருவில் இருக்கும் பூங்கா 150 மீட்டர் தூரம், முன்வாசல் வழியாகச் சுற்றினால் 700 மீட்டர். காலை ஐந்தரை முதல் எட்டு, மாலை ஐந்து முதல் எட்டு வரை பின்கேட்டைத் திறந்து ஒரு காவலாளியை நிறுத்தினால் முடிந்தது. இதற்கு மாநகராட்சியும் வேண்டாம், மனுவும் வேண்டாம். அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அந்தக் கூட்டத்தில் கத்திப் பேசும் இரண்டு பேரைச் சமாளிப்பது உங்கள் சாமர்த்தியம்.

படி 4: டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஐந்து மீட்டர் டேப், செல்போன் கேமரா, ஒரு நோட்டு, கூட ஓர் ஆள். படி 3-ல் எடுத்த இடங்களில் நீங்கள் அடிக்கடி போகிற இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, வழியை ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்துச் சரி, தப்பு சொல்வது? சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான நெறிமுறை இருக்கிறது, எண் 103. குடியிருப்புத் தெருவில் தடையில்லாத நடைபாதை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைகள் கலந்த தெருவில் 2.5 மீட்டர். மேலே 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் இடிக்கக் கூடாது. நடைபாதை ரோட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இந்த நான்கு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதிகாரியிடம் பேசும்போது "பிளாட்பாரம் சரியில்லை சார்" என்பதற்கும் "நெறிமுறைப்படி 1.8 மீட்டர், இங்கே 40 சென்டிமீட்டர்தான் மிச்சம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

"தடையில்லாத" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிய அகலம் வேறு, நடக்கக் கிடைக்கும் அகலம் வேறு. எங்கள் பக்கத்து 200 மீட்டர் துண்டு ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் பிளாட்பாரம் ஒன்றரை மீட்டர், பரவாயில்லை. முதல் வீட்டுக்காரர் காரை ஏற்றுவதற்கு பிளாட்பாரத்தையே குறுக்கே மூடிச் சரிவு போட்டிருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் கம்பி வேலி கட்டி உள்ளே செம்பருத்தியும் துளசியும் வைத்திருக்கிறார். பார்க்க அழகுதான், ஆனால் பாதி அகலம் போய்விட்டது. அதைத் தாண்டினால் மின்வாரிய பில்லர் பாக்ஸ், கதவு திறந்து தொங்குகிறது. பக்கத்திலேயே மழைநீர் வடிகால் சிலாப் ஒன்று உடைந்து கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, யாரோ புண்ணியவான் அதில் ஒரு மரக்கிளையைச் சொருகி வைத்திருக்கிறார். ஜூஸ் கடை வாசலில் பிளாட்பாரம் முழுக்க டூவீலர். முனையில் பிளாட்பாரம் முழங்கால் உயரத்தில் திடீரென்று முடிகிறது. இறங்க முடியாத பாட்டிகள் அந்த 200 மீட்டரும் ரோட்டோரமாகவே நடந்து வருகிறார்கள், தண்ணி லாரி ஹாரன் அடித்தால் மட்டும் ஒதுங்கிக்கொண்டு.

இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்: எந்த வீட்டு எண் எதிரே, என்ன தடை, எவ்வளவு அகலம் மிச்சம். தடைக்குக் குறுக்கே டேப்பை நீட்டிப் படம் எடுங்கள், எண் தெரிய வேண்டும். நகர்த்தக்கூடியதா (வண்டி, கடைப் பலகை, கட்டட மணல்), நிரந்தரமா (பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், சரிவு) என்று பக்கத்தில் குறிப்பு போடுங்கள். படி 8-ல் அது உதவும்.

தள்ளுவண்டிக்காரர்களை முதல் குற்றவாளியாக எழுதுவது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலையில் பூக்காரம்மாவும் இட்லிக் கடையும் இருக்கும் முனையில்தான் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். அவர்களுக்கு 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. அவர்களை விரட்டிய பிளாட்பாரத்தில் அடுத்த நாளே வண்டிகள் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். வியாபாரி கடையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால் கேட்பார். நிறுத்திய புல்லட் கேட்காது.

இதையே இன்னும் முறையாகச் செய்ய வேண்டுமென்றால், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நடக்கத்தகுந்த சூழலுக்கான கேள்வித்தாள் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2003-ல் உருவானதை, சென்னைக்காரர்களிடம் சோதித்து இந்தியாவுக்கேற்ப மாற்றி 2016-ல் வெளியிட்டார்கள். கடைக்கு ஐந்து நிமிடத்துக்குள்ளா, பத்து நிமிடத்துக்குள்ளா, அதற்கும் மேலா என்பது போன்ற எளிய கேள்விகள்தான். பத்து வீட்டில் கேட்டு வாங்கினாலே மனுவுக்குக் கனம் வந்துவிடும்.

படி 5: நேரத்தையும் ஆளையும் மாற்றிப் பாருங்கள்

காலை ஆறு மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான். அதனால் ஒரே வழியை நான்கு நேரத்தில் நடக்க வேண்டும்: விடிகாலை, உச்சி வெயில், பள்ளி விடும் நேரம், இரவு எட்டரை.

உச்சி வெயிலில் நிழலை மட்டும் பாருங்கள். எந்தச் சாரியில் மரம் இருக்கிறது, எத்தனை அடிக்கு நிழலே இல்லாமல் போகிறது என்று குறியுங்கள். சித்திரை, வைகாசியில் நம்மூரில் பிளாட்பாரம் எவ்வளவு அகலமாக இருந்து என்ன, வேம்போ புங்கனோ இல்லாவிட்டால் யாரும் நடக்கப் போவதில்லை. மேல்நாட்டு ஆய்வுகளில் இந்த விஷயம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கப்படுகிறது. நமக்கு இதுதான் முதல் வரிசை.

இரவில் விளக்கைப் பாருங்கள், அதுவும் ஒரு பெண்ணோடு சேர்ந்து. வீட்டில் அக்காவோ மனைவியோ மகளோ எந்த இடத்தில் நடையை வேகப்படுத்துகிறார், எங்கே எதிர்ச்சாரிக்கு மாறுகிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று காரணம்தான் வரும்: எரியாத விளக்கு, டாஸ்மாக், தெருநாய். கம்பத்தில் விளக்கு எரிந்தும் கீழே இருட்டாக இருந்தால் மரக்கிளை மறைக்கிறதா என்று பாருங்கள், கிளையைக் கழித்தாலே சரியாகிவிடும். ஆண்-பெண் வித்தியாசம் 42-க்கு 57 என்று முதலில் சொன்னேனே, அதில் வீட்டு வேலைச் சுமைக்குப் பங்கு உண்டு, இந்த இருட்டுக்கும் பங்கு உண்டு.

முழங்கால் வலிக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போவது இன்னும் நல்லது. அவர் எங்கே நின்று மூச்சு வாங்குகிறாரோ அங்கே ஒரு பெஞ்ச் வேண்டும். சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், சிக்னல் எவ்வளவு நேரம் தருகிறது என்று செல்போனில் அளந்துவிடுங்கள்.

படி 6: பூங்கா இருக்கிறது, சரி, திறந்திருக்கிறதா?

வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் பூங்கா ஆகாது. எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், கழிப்பறை பூட்டியிருக்கிறதா, நடைபாதை எவ்வளவு தூரம், பெண்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள், இதையெல்லாம் நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறை இல்லாத பூங்காவில் சர்க்கரைக்காரரும் வயதானவரும் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

பூங்காவே இல்லாத பகுதியா? பழைய மனைப்பிரிவு வரைபடத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அந்த நிலம் எங்கோ முள்மண்டி, குப்பை கொட்டும் இடமாகவோ யாரோ கார் நிறுத்தும் இடமாகவோ கிடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போட்டு, "எங்கள் வார்டில் உள்ள திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களின் பட்டியல், பரப்பு, இப்போதைய பயன்பாடு" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பூங்கா கேட்டுப் போராடுவதைவிட, இருக்கும் நிலத்தைக் காட்டி "இதைப் பூங்காவாக்குங்கள்" என்று கேட்பது எத்தனையோ சுலபம்.

மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை என்று அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே போவதற்கே பலர் வண்டி எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து மருந்துக் கடை வரைக்குமான 400 மீட்டரைச் சரி செய்தால், நடைப்பயிற்சிக்கென்று ஒருபோதும் கிளம்பாதவரும் நடப்பார்.

படி 7: உட்காரும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள்

நடப்பதற்கும் தெருவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் தெளிவாக வருகிற அளவுக்கு, உட்காருவதற்கும் தெருவுக்கும் உள்ள தொடர்பு வருவதில்லை. நம் உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி அலுவலகத்திலும் டிவி முன்பும் போகிறது, பிளாட்பாரம் போட்டு அதைக் குறைக்க முடியாது. ஆனால் வெளியே போகக் காரணம் இருந்தால், அந்த நேரம் துண்டு துண்டாக உடையும். 2016-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வின்படி, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் வரும் கூடுதல் ஆபத்தை ஈடுகட்டத் தினம் 60 முதல் 75 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். எல்லாராலும் அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது. ஆகவே உட்காருவதையும் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

படி 2 நோட்டில், மாலையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்த நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் ஆப்பில் ஏதாவது வரவழைத்தீர்களா? அந்தக் கடை 400 மீட்டருக்குள் இருந்தால், அந்த ஆர்டர் ஒவ்வொன்றும் பத்து நிமிட நடை.

படி 8: யாரிடம், எப்படிக் கேட்பது

முதலில் உங்கள் பட்டியலைத் துறைவாரியாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சென்னையில் உட்புறத் தெருக்களின் பிளாட்பாரம், மழைநீர் வடிகால் சிலாப், தெருவிளக்கு, பூங்கா, தெருநாய் எல்லாம் மாநகராட்சி, எண் 1913. தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய, அது அவர்கள் வேலையில்லை. பில்லர் பாக்ஸும் டிரான்ஸ்பார்மரும்தான் மின்வாரியம், மின்னகம் எண் 94987 94987. பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியம், எண் 1916. பஸ் போகும் சாலைகளை மாநகராட்சியில் தனிப் பிரிவு ஒன்று பார்க்கிறது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை வசம். பிளாட்பாரத்தில் வண்டி நிறுத்துவதும் சிக்னல் நேரமும் போக்குவரத்துக் காவல்.

உடனே முடியும் வேலைகளை (விளக்கு, சிலாப், கிளை வெட்டுவது) போனிலோ செயலியிலோ ஒவ்வொன்றாகப் பதிந்து, புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள். அவை முடிய முடியத் தெருக்காரர்களுக்கு நம்பிக்கை வரும், அப்போதுதான் பெரிய வேலைக்குக் கையெழுத்து கிடைக்கும். பெரிய வேலைக்கு வார்டு கவுன்சிலரையும் வார்டு உதவிப் பொறியாளரையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் அவரைக் கேளுங்கள், இவரைக் கேளுங்கள் என்று ஓடும். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது மனுவைக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

மனு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். இப்படி:

"எங்கள் தெருவில் கிழக்குச் சாரி நடைபாதையில், கதவு எண் ... முதல் ... வரை 200 மீட்டரில் ஆறு இடங்களில் தடை உள்ளது. தடையற்ற அகலம் 1.8 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.4 மீட்டர் மட்டுமே உள்ளது (படங்கள் இணைப்பு). இந்த வழியில் பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் உள்ளன. முதற்கட்டமாக உடைந்த சிலாப்பை மாற்றவும், முனையில் சாய்தளம் அமைக்கவும், பில்லர் பாக்ஸை இடம் மாற்ற மின்வாரியத்துக்கு எழுதவும் கேட்டுக்கொள்கிறோம்."

துணைக்கு இரண்டு ஆயுதங்கள். தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சியோ 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலப் பிளாட்பாரம் வந்தது அந்த வழியில்தான். பாண்டி பஜாருக்கு ஒரு நியாயம், எங்கள் தெருவுக்கு ஒரு நியாயமா என்று கேட்கலாம், மரியாதையாகவே.

பணம் இல்லை என்று சொன்னால் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பூங்கா, நடைபாதை போன்ற வேலைகளுக்கு அசோசியேஷன்கள் இதைப் பயன்படுத்தலாம்.

வீட்டு வாசல் சரிவு, கம்பி வேலி விஷயத்தை மட்டும் மனுவில் எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்காரரிடம் நேரில் பேசிவிடுங்கள். "சார், உங்க செடியை உள்ளே தள்ளி வெச்சா எல்லாரும் நடக்கலாம்" என்றால் பாதிப் பேர் செய்துவிடுவார்கள். மனுவில் பேரைப் பார்த்தால் ஒருவரும் செய்ய மாட்டார்கள், பத்து வருடம் பேசவும் மாட்டார்கள்.

படி 9: காத்திருக்கும் நேரத்தில் நடங்கள்

மனு நகர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இருப்பதிலேயே நல்ல வழியைத் தேர்ந்தெடுங்கள். படி 4, 5 குறிப்புகளை வைத்து உங்கள் வீட்டிலிருந்து நிழலும் வெளிச்சமும் உள்ள ஒரு வழியைக் குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் சரி. 400 மீட்டர் கடைக்கு நடந்து போய்த் திரும்பினால் பத்து நிமிடம். தினமும் ஒரு முறை என்றால் வாரத்துக்கு 70 நிமிடம். அந்த 14 நகர ஆய்வில் நல்ல இடத்துக்கும் மோசமான இடத்துக்கும் இருந்த வித்தியாசம் இதே அளவுதான். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எடுத்துவிட்டது, அதனால் மூன்று நிமிட நடையும் சேரும். வேகம் மட்டும் கொஞ்சம் வேண்டும்: நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

நாய் பயம் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் செய்ததுபோல, ஞாயிறு காலையில் வாகனங்களை உள்ளே விடாத சாலை பக்கத்தில் இருந்தால், குழந்தைகளோடு போய் வாருங்கள். அதைப் பார்த்து உங்கள் தெருவிலும் மாதம் ஒரு ஞாயிறு கேட்கத் தோன்றும்.

படி 10: மறுபடி அளங்கள்

ஆறு மாதம் கழித்து அதே துண்டை, அதே நேரங்களில், அதே டேப்போடு நடங்கள். ஒரு வாரக் குறிப்பையும் புதிதாக எழுதி, "ஏன்" என்ற மூன்றாவது பத்தியைப் பழையதோடு ஒப்பிடுங்கள். நாய் போய் வெயில் மட்டும் மிச்சம் இருந்தால், அடுத்த மனு மரக்கன்றுக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளக்க வேண்டாம். மழையில் பாதித் தெரு தண்ணீரிலும் மீதித் தெரு வெட்டிப்போட்ட பள்ளத்திலும் இருக்கும், கணக்கு தப்பாக வரும். பொங்கல் முடிந்ததும் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மரக்கன்றுக்கு மனு கொடுப்பதாக இருந்தால் ஆடி அளவீட்டோடு சேர்த்துக் கொடுங்கள், மழைக்கு முன் நட்டால்தான் பிழைக்கும்.